நடுங்கும் வண்டி



உடல்நலம் குன்றியவர் ஒருவர் மருத்துவரிடம் சென்றால், "என்ன செய்கிறது?" என்பதே முதற் கேள்வியாக இருக்கும். "எப்போது செய்கிறது?" என்பது இரண்டாவது கேள்வி. உணவுக்கு முன்பா, பின்பா? படுத்தாலா, நடந்தாலா? இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே நல்ல மருத்துவர் நோயின் இருப்பிடத்தைப் பாதியளவு கண்டுகொள்வார். மோட்டார் வண்டியின் விஷயத்தில் மட்டும் நாம் இக்கேள்வியை மறந்துவிடுகிறோம். வண்டி நடுங்குகிறது என்று தெரிந்தவுடன், எந்த உறுப்பை மாற்றலாம் என்றே பேச்சு எழுகிறது. ஒன்றை மாற்றுகிறோம், நடுக்கம் நிற்பதில்லை. இன்னொன்றை மாற்றுகிறோம். பணப்பைதான் மெலிகிறது.

என்ஜின் முன்னே இருக்க, பின்சக்கரங்களால் ஓடும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். அவற்றிலும், பழைய என்ஜினை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்திய வண்டிகளுக்கு மிக அதிகம். அம்பாசிடர் கார், பிரீமியர் பத்மினி, சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. 1983ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 வந்து, முன்சக்கரங்களால் ஓடும் கார்களை நம் நாட்டில் பெருவழக்காக்கும் வரையில், கார் என்றாலே அடிவயிற்றில் நீண்டதொரு தண்டு சுழலும் பொருள் என்றுதான் நாம் அறிந்திருந்தோம்.

நான் இருப்பது இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலைக் கொண்டு இவ்வூரை அறிந்தவர் பலர். ஆரோவிலுக்கு அண்டையிலுள்ள ஊர் என்று சொன்னால் மற்றவர்களுக்கும் விளங்கும். இங்கிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் மரக்காணம். வழியில் கழுவெளி நீர்ப்பரப்பு. அதன்பின் வெயிலில் கண் கூசும் உப்பளங்கள். எங்கள் தெருவில் ஒரு நண்பர் வெள்ளை அம்பாசிடர் ஒன்று வைத்திருக்கிறார். திருமணங்களுக்கு அதனை வாடகைக்கு விடுவதே அவருடைய தொழில். மணமக்களைப் பழைய வண்டியில் ஏற்றிவரும் விருப்பம் இக்காலத்தில் மிகுந்திருப்பதால், முகூர்த்த மாதங்களில் அவருக்கு ஓய்விராது. அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆகவே, இருக்கிற வண்டியைக் காப்பாற்றிக்கொள்வது அவருக்குப் பொழுதுபோக்கு அன்று. வீட்டில் அடுப்பெரிவதும் எரியாததும் அதைப் பொறுத்தது.

அந்த வண்டி அவர் கைக்கு வருமுன்பே உருமாற்றம் பெற்றிருந்தது. பெட்ரோல் என்ஜினை நீக்கி டீசல் என்ஜினை வைத்திருந்தார்கள். நான்கு கியர்ப் பெட்டிக்குப் பதிலாக ஐந்து கியர்ப் பெட்டி ஏறியிருந்தது. புதிய பெட்டி நீளமாக இருந்தபடியால், பின்னே செல்லும் தண்டைக் கடைசல் பட்டறையில் வெட்டிக் குறுக்கி ஒட்டுப்போட்டிருந்தார்கள். பாரம் தாங்குவதற்காகப் பின்புறத்து வில்பட்டையில் ஓர் இலை கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. இவை யாவும் பதிவுப் புத்தகத்தில் உரியபடி ஏறியிருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை நம் விருப்பம்போல் மாற்ற இடந்தருவதில்லை. என்ஜினை மாற்ற நினைப்பவர் பட்டறைக்குப் போவதற்குமுன் பதிவு அலுவலகத்தின் ஒப்புதலை நாடவேண்டும்.

மணிக்கு 55 கிலோமீட்டரைத் தாண்டியதும் அவ்வண்டி நடுங்கத் தொடங்கும். நான்கு சக்கரங்களுக்கும் எடைச் சமன் செய்தாயிற்று. இரண்டு டயர்கள் புதியவை. தண்டின் இரு முனைகளிலும் உள்ள கிராஸ்களும் புதியவை. என்ஜினைத் தாங்கும் ரப்பர்களையும் மாற்றிவிட்டார். நடுக்கம் அப்படியே இருந்தது. "ஐயா, தை மாதத்துக்கு ஒன்பது முகூர்த்தங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறேன். இதை இரும்புக் கடையில் எடை போட்டுவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நினைக்கிறேன்" என்றார் அவர். நான் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சரி, முதலில் வண்டியைக் கழுவுங்கள் என்றேன்.

இது வேடிக்கைக்காகச் சொன்னதன்று. எங்கள் பகுதியின் செம்மண்ணும் உப்பளத்துச் சேறும் சக்கர வளையத்தின் உட்புறத்தில் அப்பிக்கொண்டு செங்கல்லாகக் காய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டிய கைப்பிடி மண், பட்டறையில் செய்த எடைச் சமனைப் பாழாக்கப் போதும். நீளமான தண்டின்மேலும் அவ்வாறே சேறு ஒட்டும். மரக்காணத்துக்கு உப்பேற்றச் சென்று திரும்பிய மறுநாள் வண்டி நடுங்கினால், ஒரு வாளித் தண்ணீருக்கு முன்னால் வேறெந்த மருந்தும் வேண்டியதில்லை. நண்பரின் வண்டியைக் கழுவியும் நடுக்கம் தீரவில்லை. ஆகவே, அடுத்த நிலைக்குச் சென்றோம்.

வண்டியில் மூன்று வகைப் பொருள்கள் மூன்று வேகங்களில் சுழல்கின்றன. சக்கரம் மெதுவாகச் சுழல்கிறது. அதைவிட வேகமாகத் தண்டு சுழல்கிறது. என்ஜினோ, நாம் இருக்கும் கியரைப் பொறுத்துத் தண்டைவிட வேகமாகவோ, அதற்குச் சமமாகவோ, மெதுவாகவோ சுழல்கிறது. பிழையுள்ள பொருள் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறையோ இருமுறையோ தன் இருப்பை அறிவிக்கும். ஆகவே, நொடிக்கு எத்தனை முறை நடுங்குகிறது என்பது தெரிந்தால், நடுங்குவது எது என்பதும் தெரிந்துவிடும். தாளத்தைக் கேட்டு இது மிருதங்கமா, கஞ்சிராவா என்று சொல்லுவதைவிட இது எளிது. ஏனெனில் இங்கே கணக்குப் பொய் சொல்லாது.

அந்தக் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். அம்பாசிடர் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 2 மீட்டர் நகர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். எனவே, சக்கரம் நொடிக்கு 8 முறைக்குச் சற்று மேல் சுழல்கிறது. தண்டின் வேகத்தை அறியப் பின்புறத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி, இரண்டு பின்சக்கரங்களையும் ஒருசேரப் பத்துச் சுற்றுச் சுற்றினோம். தண்டு 43 சுற்றுச் சுற்றியது. அதாவது சக்கரத்தைப்போல் 4.3 மடங்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் தண்டு நொடிக்கு ஏறத்தாழ 36 முறை சுழல்கிறது என்று ஆயிற்று. இதனைத் தனியாகச் செய்யும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு: ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிச் சுற்றினால், மறுசக்கரம் தரையில் நிற்பதால், டிஃபரன்ஷியல் கணக்கைப் பாதியாக்கிவிடும். தண்டு இருபத்தொன்றரைச் சுற்றுத்தான் சுற்றும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டவேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

இனி, நடுக்கத்தைப் பாருங்கள். நொடிக்கு 8 என்பது உடல் உணரும் ஆட்டம். இருக்கை குலுங்கும், ஸ்டியரிங் கையில் ஆடும், முயன்றால் எண்ணிவிடக்கூடும் என்று தோன்றும். நொடிக்கு 36 என்பது உறுமல். காலடியில் தரைத்தகடு இரையும். பின்னோக்குக் கண்ணாடியில் உருவம் கலங்கும். 72 என்றால் அது ரீங்காரத்தை நெருங்கிவிடுகிறது. நண்பரின் வண்டியில் எழுந்தது சக்கரத்தின் குலுக்கலே அன்று. இதை முதல் நாளே கவனித்திருந்தால், புது டயர்களுக்குச் செலவிட்ட பணம் மிஞ்சியிருக்கும்.

இக்காலத்துக் கைப்பேசிகளில் அசைவை உணரும் சிறு கருவி ஒன்று அமைந்திருக்கிறது. அதிர்வின் எண்ணிக்கையைக் காட்டும் செயலிகளும் கிடைக்கின்றன. நண்பரின் மகன் தன் கைப்பேசியை இரு முன்னிருக்கைகளுக்கும் இடையே தரைத்தகட்டில் பொருத்தினான். விடியற்காலையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், கூனிமேட்டைக் கடந்து அனுமந்தைப் பக்கமாக, 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றோம். கருவி காட்டிய எண் 70க்குச் சற்று மேல். தண்டின் வேகத்தைப்போல் இருமடங்கு.

இவ்விடத்தில் அவசரப்படக்கூடாது. நான்காவது கியரில் என்ஜினும் தண்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. நான்கு உருளைகள் கொண்ட என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்புகள் நிகழும். ஆகவே, நொடிக்கு 36 சுற்றுச் சுழலும் என்ஜினின் வெடிப்புகளும் நொடிக்கு 72தான்! தண்டு தரும் அதிர்ச்சியும் என்ஜின் தரும் அதிர்ச்சியும் ஒரே எண்ணில் வந்து நின்று, ஒன்றின் பழியை மற்றொன்று ஏற்கும் நிலை இது. நேரடிக் கியரில் மட்டும் ஓட்டிப் பார்த்து, என்ஜின் மேல் குற்றம் சாட்டி, அதன் ரப்பர்களை மாற்றுபவர்கள் எத்தனையோ பேர்.

இரட்டையரைப் பிரித்தறிய வழி எளியது. அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியருக்கு மாறினோம். இப்போது என்ஜின் மெதுவாகிறது. அதன் வெடிப்புகள் நொடிக்கு 57 அளவுக்கு இறங்கின. தண்டின் வேகம் மாறவில்லை. நடுக்கம் எங்கே நின்றது? 72இலேயே நின்றது. மூன்றாவது கியரிலும் அப்படியே. பிறகு, முன்னும் பின்னும் எவரும் இல்லாத நேர்ச்சாலையில், என்ஜினை ஓடவிட்டபடியே கியரை விடுவித்து ஒரு சில நொடிகள் உருளவிட்டோம். அப்போதும் நடுக்கம் இருந்தது. என்ஜின் குற்றமற்றது என்று தீர்ப்பாயிற்று.

தண்டுக்குள்ளும் இரண்டு குற்றவாளிகள் உண்டு. ஒரு பக்கம் எடை மிகுந்த தண்டு, சுற்றுக்கு ஒருமுறை இழுக்கும். அதாவது நொடிக்கு 36. சுற்றுக்கு இருமுறை உதைப்பதோ, தண்டின் முனைகளிலுள்ள மூட்டுகளின் வேலை. அந்த மூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். அதுவே இப்பேச்சின் உயிர்நாடி.

கியர்ப்பெட்டி வண்டியின் உடலோடு நிற்கிறது. பின் அச்சோ, வில்பட்டையின் தயவில் மேலும் கீழும் ஆடுகிறது. இவ்விரண்டையும் இணைக்கும் தண்டு வளைந்து கொடுக்கவேண்டும். ஆனால் திருகும் விசையைக் குறையாமல் கடத்தவும் வேண்டும். சிலுவை வடிவான ஒரு துண்டையும் இரு கவைகளையும் கொண்ட மூட்டு இந்த வேலையைச் செய்கிறது. பட்டறையில் இதனை 'கிராஸ்' என்பார்கள். ஐரோப்பாவில் இதற்கு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரும், இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக்கின் பெயரும் வழங்குகின்றன. மோட்டார் வண்டியைக் கனவிலும் காணாத காலத்தில், 1676ஆம் ஆண்டில், சூரியனை நோக்கும் கருவிகளைப் பற்றி வெளியிட்ட நூலில் ஹூக் இந்த மூட்டை விளக்கினார். மூட்டின் ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும், மறுபக்கம் ஒரே சீராகச் சுழலாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஒருமுறை சுழல்வதற்குள் மறுபக்கம் இருமுறை விரையும், இருமுறை தயங்கும். சூரியக் கடிகாரத்தின் மணிக்கோடுகள் சம இடைவெளியில் அமையாதிருப்பதற்கும் இதற்கும் ஒரே கணிதந்தான்.

மூட்டு நேராக நின்றால் இந்தக் குறை இல்லை. கோணம் கூடக் கூடக் குறையும் கூடுகிறது. அதுவும் கோணத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 3 பாகை மடங்கியிருந்தால், வேகம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவாகவே ஏறி இறங்கும். 7 பாகை என்றால் ஆயிரத்தில் ஏழரைப் பங்கு. பார்வைக்கு இது அற்பம். ஆனால், இந்த அற்பம் நொடிக்கு 72 முறை நிகழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் பின்சக்கர வண்டிகள் யாவும் நடுங்கவேண்டுமே? நடுங்குவதில்லை. காரணம், தண்டில் இரண்டு மூட்டுகள் இருக்கின்றன. முதல் மூட்டு வாங்கிய கடனை இரண்டாம் மூட்டு அடைத்துவிடுகிறது. முதல் மூட்டு தண்டைத் தயங்கவைக்கும் அதே கணத்தில், இரண்டாம் மூட்டு அத்தயக்கத்தை ஈடுகட்டி, பின் அச்சுக்குச் சீரான சுழற்சியையே தருகிறது. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். இரு மூட்டுகளின் கோணங்களும் சமமாக இருக்கவேண்டும். அதாவது, கியர்ப்பெட்டியின் அச்சுக்கோடும் பின்னேயுள்ள பினியனின் அச்சுக்கோடும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடவேண்டும்.

முதல் நிபந்தனை குலைவது பெரும்பாலும் கவனக்குறைவால். தண்டு நீண்டு சுருங்குவதற்கென்று பற்கள் வெட்டிய சறுக்கு இணைப்பு ஒன்று உண்டு. கழற்றித் திரும்பப் பூட்டும்போது அதில் ஒரு பல் தவறினாலும் கவைகள் திசை மாறிவிடும். கழற்றுவதற்குமுன் இரு துண்டுகளின்மேலும் ஒரே கோட்டில் வெள்ளை வண்ணம் தீட்டிவைப்பவரே என் கணக்கில் நல்ல மெக்கானிக். நண்பரின் வண்டியில் கவைகள் சரியாகவே இருந்தன.

எஞ்சியது கோணம். வண்டி உருமாற்றம் பெறும்போது முதலில் கெடுவது இதுதான். புதிய என்ஜினுக்கேற்பத் தாங்கிகளை உயர்த்துகிறார்கள் அல்லது தாழ்த்துகிறார்கள். கியர்ப்பெட்டியின் சாய்வு மாறுகிறது. வில்பட்டையில் ஓர் இலையைச் சேர்க்கிறார்கள். உடல் உயர்ந்து, தண்டின் சாய்வு மாறுகிறது. தொழிற்சாலையில் கணக்கிட்டு வைத்த மூன்று கோடுகளும் மூன்று திசையில் போகின்றன. எந்த உறுப்பும் பழுதடையவில்லை. ஆனால் உறுப்புகளுக்கிடையே இருந்த உறவு கெட்டுவிட்டது. புதிய கிராஸ் வாங்கி மாட்டியும் பயனில்லாமற் போனது இதனால்தான். அதே கோணத்தில் புதிய கிராஸும் பழையதைப் போலவே உதைக்கும். சில மாதங்களில் தானும் தேயும்.

நடுக்கத்தோடு சிறிது காலம் வாழ்ந்துவிடலாமே என்று நண்பரின் வீட்டார் கேட்டார்கள். கூடாது என்றேன். உப்புக்காற்று வீசும் எங்கள் கரையில், மூட்டுக்குள் உள்ள ஊசித் தாங்கிகள் மசகு வறண்டால் விரைவில் துருவேறும். அதன் தொப்பியைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் பொடி படிந்திருந்தால் உள்ளே துரு தின்கிறது என்று பொருள். முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது 'டக்'கென்று ஓசை கேட்டால், நோய் முற்றிவிட்டது. ஓடும்போது முன்மூட்டு முறிந்தால், தண்டின் முன்முனை சாலையில் விழுந்து ஊன்றிக்கொள்ளும். அதன்பின் வண்டி யார் சொற்படியும் நடக்காது. உள்ளே மணமக்கள் இருப்பார்கள்.

ஆகவே அளந்தோம். அளவுக்கு வேண்டியவை சமதளமான தரையும், கொத்தனாரின் ரசமட்டமும், சாய்வுப் பாகையைக் காட்டும் கைப்பேசியுமே. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: வண்டியின் பாரம் சக்கரங்களின்மேல் நிற்கவேண்டும். பின் அச்சைத் தொங்கவிட்டு அளந்த கோணம் சாலையில் ஓடும் வண்டியின் கோணமாகாது. கியர்ப்பெட்டி, பின்னோக்கி 3 பாகை தாழ்ந்திருந்தது. தண்டு, பின்னோக்கி 6 பாகை தாழ்ந்திருந்தது. ஆகவே முன்மூட்டின் மடக்கம் 3 பாகை. குறை சொல்ல இடமில்லை. பினியனின் அச்சும் பின்னோக்கி 3 பாகை தாழ்ந்திருந்தால், அதாவது பினியன் மூக்கை 3 பாகை உயர்த்திக்கொண்டிருந்தால், பின்மூட்டின் மடக்கமும் 3 ஆகிக் கடன் தீர்ந்திருக்கும். ஆனால் பினியனோ மூக்கை 1 பாகை தாழ்த்திக்கொண்டிருந்தது. பின்மூட்டின் மடக்கம் 7 பாகை. மூன்றின் வர்க்கம் 9. ஏழின் வர்க்கம் 49. கணக்கில் 40 நிலுவை!

ரசமட்டம் சொன்ன இதே செய்தியை வண்டியும் வேறொரு வகையில் சொல்லியிருந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தியபோது நடுக்கம் சற்றுக் குறைந்தது. காலை எடுத்தபோது கூடியது. நண்பர் இதை முதல் நாளே சொன்னார். ஆனால் அதற்கு முன் இவ்வண்டியைப் பார்த்தவர்கள் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்படி விசை பாயும்போது, அதன் எதிர்விசையால் பின் அச்சு எதிர்ப்பக்கமாகத் திரும்ப முயல்கிறது. வில்பட்டை சிறிது இடங்கொடுக்க, பினியனின் மூக்கு மேலே எழுகிறது. காலை எடுத்ததும் என்ஜின் வண்டியைப் பிடித்திழுக்க, மூக்கு தாழ்கிறது. மூக்கு எழும்போது நலமும், தாழும்போது துன்பமும் நேருமானால், மூக்கு இயல்பிலேயே மிகத் தாழ்ந்திருக்கிறது என்பது தெளிவு. இதற்கு மாறாக, விசை கொடுக்கும்போது நடுங்கி, காலை எடுத்ததும் அடங்குமானால், மூக்கு மிக உயர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எடைச் சமக்கேட்டால் வரும் நடுக்கமோ காலின் அழுத்தத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. அது வேகத்தை மட்டுமே அறியும். வண்டி ஓட்டுபவரின் வாய்ச்சொல்லை நான் மிக மதிப்பது இதனால்தான். காரணத்தை அவர் தவறாகச் சொல்லலாம். கண்டதைத் தவறாகச் சொல்வது அரிது.

பினியன் மூக்கு ஏன் தாழ்ந்தது? வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. வில்பட்டைக்கும் அதன்மேல் அமர்ந்த அச்சுக்கும் இடையில் ஆப்பு வடிவான ஒரு தகடு செருகப்பட்டிருந்தது. கூடுதல் இலை சேர்த்தபோது, கோணத்தைச் சரிசெய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு யாரோ அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆப்பின் தடித்த பக்கம் பின்னோக்கி இருந்தது. அச்சு பட்டையின்மேல் அமரும் வண்டியில், தடித்த பக்கம் முன்னே இருந்தால்தான் மூக்கு உயரும். இரு பக்கமும் ஒரே மாதிரியாகத் திருப்பி வைத்திருந்தபடியால், பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றியது.

ஆப்பின் சரிவு ஒன்றரைப் பாகை. அதைத் திருப்பி வைத்தால் ஒன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 3 பாகை மாற்றம் கிடைக்கும். யூ-போல்ட்டுகளைத் தளர்த்தி, இரு பக்கத்து ஆப்புகளையும் திருப்பினோம். பினியன் மூக்கு 2 பாகை உயர்ந்து நின்றது. பின்மூட்டின் மடக்கம் 4. முன்மூட்டோடு முழுச் சமமாக ஏன் 3 பாகையே வைக்கவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். வில்பட்டை வண்டியில், விசை பாயும்போது மூக்கு எழும் என்று சொன்னேன் அல்லவா? அதற்காக ஒரு பாகையை முன்கூட்டியே விட்டுவைப்பது வழக்கம். நிற்கும்போது 16க்கு 9, நிலுவை 7தான். இழுக்கும்போது அதுவும் கரைந்துவிடுகிறது. செலவு, ஒரு காலைப்பொழுதும் சிறிது மசகும்.

மறுநாள் விடியலில் அதே சாலையில் ஓட்டினோம். 60இல் ஒன்றுமில்லை. 70இலும் இல்லை. 75ஐத் தாண்டியதும் மெல்லிய உறுமல் ஒன்று கேட்டது. கருவி காட்டிய எண்ணைத் தண்டின் வேகத்தோடு ஒப்பிட்டால், இப்போது சுற்றுக்கு ஒன்று. பெரிய ஓசை அடங்கிய பின்புதான் சிறிய ஓசை காதில் விழும். இது வேறு நோய். வெட்டி ஒட்டிய இடத்தில் தண்டின் எடை ஒரு பக்கம் மிகுந்திருந்தது. அச்சிலிருந்து 4 சென்டிமீட்டர் தொலைவில் 20 கிராம் எடை மிகுந்திருந்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 4 கிலோ எடையின் பளுவோடு தண்டை வெளியே இழுக்கும். வேகம் இருமடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும்.

இதைக் கண்டறியவும் ஓர் எளிய உபாயம் இருக்கிறது. ரப்பர் குழாய்களை இறுக்கும் திருகு வளையம் ஒன்றைத் தண்டின் பின்முனை அருகே பூட்டவேண்டும். தண்டின் சுற்றளவை நான்காகப் பிரித்துக் குறியிட்டு, திருகின் தலை முதற்குறியில் நிற்கும்படி வைத்து ஓட்டிப்பார்க்கவேண்டும். பிறகு இரண்டாம் குறி, மூன்றாம் குறி, நான்காம் குறி. நண்பரின் வண்டியில் மூன்றாம் குறியில் உறுமல் தணிந்தது, முதற்குறியில் கூடியது. தண்டைக் கழற்றி, வெள்ளைக் கோடு தீட்டி, புதுச்சேரியில் தண்டுகளுக்கு எடைச் சமன் செய்யும் பட்டறைக்குக் கொண்டுசென்றோம். அவர்கள் சிறு தகடு ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்கள். அதுவும் மூன்றாம் குறிக்கு அருகிலேயே அமைந்தது.

தை மாதத்தின் முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், மரக்காணம்வரை சென்று திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் சக்கரங்களின் உட்புறத்தைக் கழுவிவிட்டு, யூ-போல்ட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பார்த்தோம். புதிதாக அமர்த்திய ஆப்பு தன் இடத்தில் படிந்தபின் அவை தளர்வது இயல்பு. வலப்புறத்து போல்ட்டுகள் கால் சுற்று இறங்கின, இடப்புறத்தவை அசையவில்லை.